முகாமில் இடமில்லை: மனுவில் முதலில் எதைக் கேட்பது?

ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைத்தெரு வியாபாரிகள், முகாமில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற எங்கள் பழைய மாணவர்கள் என்று கலவையான கூட்டம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் இட நெருக்கடியைப் பற்றிய மனு அது. இடம் போதவில்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இடம், எங்கே, யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்று கேட்டவுடன் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். இருக்கும் இடத்திலேயே வீடுகளை இடித்துக் கட்டச் சொல்லலாமா, வேறு நிலம் கேட்கலாமா, விரும்புகிறவர்கள் வெளியே வாடகை வீட்டுக்குப் போக அனுமதி கேட்கலாமா, எல்லாவற்றையும் தள்ளிவைத்துக் குடியுரிமையை மட்டும் கேட்கலாமா? ஒரு மனுவில் பத்துக் கோரிக்கை வைத்தால் எளிதான ஒன்றை நிறைவேற்றிவிட்டு மற்ற ஒன்பதையும் கட்டி வைத்துவிடுவார்கள். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் நெருக்கடியின் அளவு. 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் தந்த கணக்குப்படி, 29 மாவட்டங்களில் 108 முகாம்கள். அவற்றில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழ்பவர்கள் மேலும் 34,087 பேர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் திரும்பினார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் இங்கேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள்.

முகாம்கள் கட்டப்பட்டபோது அவை சில மாதங்களுக்கான தங்குமிடங்கள். போர் முடிந்ததும் போய்விடுவார்கள் என்று எண்ணி, பத்துக்குப் பத்து அடி அறைகளை வரிசையாகக் கட்டினார்கள். சில ஊர்களில் கிடங்குகளையே துணியாலும் தட்டியாலும் தடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பத்துக்குப் பத்தில் அப்பா அம்மா, திருமணமான மகன், மருமகள், பள்ளி போகும் பெண் என்று மூன்று தலைமுறை படுத்து எழுந்த வீடுகளை நான் அறிவேன். என் வகுப்பில் படித்த முகாம் மாணவிகளில் பலர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படிப்பார்கள். மற்றவர்கள் தூங்கும் அந்த நேரத்தில்தான் விளக்கின் கீழே புத்தகம் விரிக்க இடம் கிடைக்கும். ஒரு மாணவியின் தாய் என்னிடம் சொன்னது: “வீடு பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை சேர், பிள்ளை உடை மாற்ற ஒரு கதவு வேண்டும்.”

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். பேரிடர், போர் ஆகியவற்றில் உதவும் அமைப்புகள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்குக் குறைந்தபட்சம் 3.5 சதுர மீட்டர் தங்குமிடம் வேண்டும் என்கிறது. சமையலுக்கும் குளியலுக்குமான இடம் அதில் சேராது. பத்துக்குப் பத்து அறை 9.3 சதுர மீட்டர். அதாவது உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவின்படி அந்த அறை இரண்டு பேருக்கு மட்டுமே போதும். மூன்றாவது ஆளுக்கே சற்று இடிக்கும். ஐந்து பேருக்கு 17.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 190 சதுர அடி வேண்டும். அடுப்பு வேறு அதே அறைக்குள் எரிகிறது. இந்தக் குறைந்தபட்சம், போரிலிருந்து நேற்று ஓடிவந்தவனுக்காக வகுத்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் வாழும் குடும்பத்துக்கு அது போதும் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை.

அதே கையேட்டில் இன்னும் சில அளவுகள் உண்டு. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். வீடுகளுக்கிடையே குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி. 300 மீட்டர் நீளக் குடியிருப்புக்கு ஒரு முறை 30 மீட்டர் அகலத் தீத்தடுப்பு வெளி. தெரு, பள்ளி, மருத்துவமனை, விளையாடும் இடம் எல்லாம் சேர்த்து முகாம் நிலம் ஒருவருக்கு 45 சதுர மீட்டர். ஆயிரம் பேருக்குச் சுமார் 11 ஏக்கர் வரும். இந்த எண்களை மனம் போனபடி எழுதிவைக்கவில்லை. தீத்தடுப்பு வெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச் 22 அன்று வங்கதேசத்தின் குட்டுபாலங் ரோஹிங்கியா முகாமில் பார்த்தோம். மூங்கிலும் தார்ப்பாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்ற குடிசைகளில் பற்றிய தீ, ஒரே நாளில் சுமார் 45,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில் சுமார் 3,000 பேருக்காக அமைத்த மோரியா முகாமில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தபோது, 2020 செப்டம்பரில் அது எரிந்து சாம்பலானது.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

இருக்கும் இடத்திலேயே இடித்துக் கட்டுவதுதான் இப்போது அரசு பிடித்திருக்கும் வழி. 317 கோடி ரூபாய்க்கும் மேலான 2021 அறிவிப்பில் பெரும்பங்கு இதற்குத்தான்: பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி. 300 சதுர அடியில், வீட்டுக்குள்ளேயே சமையலறையும் கழிப்பறையும் உள்ள வீடுகள். 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில், பல மாவட்டங்களில் முடிந்த 1,591 வீடுகள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சமையலறைக்கும் கழிப்பறைக்கும் 80 சதுர அடி போனாலும், மிச்சமுள்ள இடம் ஐந்து பேருக்கு ஸ்பியர் அளவைத் தாண்டும். பத்துக்குப் பத்தில் கிடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சரியாக மதிப்பதில்லை. இரவில் பொதுக் கழிப்பறைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பதே அங்கிருக்கும் பெண்களுக்கு ஒரு விடுதலை.

இந்த வழியின் பெரிய பலம், எதையும் அறுக்காமல் செய்வது. கும்மிடிப்பூண்டி முகாம் மக்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் பள்ளி, பெயிண்டிங் வேலைக்கு ஆள் தேடி வரும் மேஸ்திரி, கடன் கொடுக்கும் மளிகைக் கடை எல்லாம் இங்கே வேர் பிடித்தவை. முகாம் ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்காரர்கள். அந்த வேலையில் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருப்பதே மூலதனம். இடம் மாறினால் அது போய்விடும்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். 7,469 வீடுகள் என்பது 18,944 குடும்பங்களில் நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. மேலும், பழைய வீட்டுக்குப் பதில் புதிய வீடு என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பதிவில் உள்ள குடும்பத்துக்கு ஒரு வீடு. மகனுக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தாலும், அவன் பெயர் அப்பாவின் முகாம் குடும்ப அட்டையிலேயே இருந்தால் அத்தனை பேரும் புதிய 300 சதுர அடிக்குள்தான் போக வேண்டும். சுவர் புதிதாகும், நெருக்கம் அப்படியே இருக்கும். அட்டையைப் பிரித்துத் தனிக்குடும்பப் பதிவு தருவதற்கு வருவாய்த் துறையும் காவல் துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவும் ஒப்புதல் தர வேண்டும். அந்தக் காகிதம் நகராத இடத்தில் செங்கல் எத்தனை வந்தாலும் பயன் குறைவு. செலவும் ஏறுகிறது. அறிவித்தபோது வீட்டுக்குச் சராசரி மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். 1,591 வீடுகளுக்கு ஆன 79.70 கோடியை வகுத்தால் ஐந்து லட்சம். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் கட்டக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

மாடி கட்டலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பொறியாளர் சொன்னார். நிலம் பெருகாத இடத்தில் மேலே போவது நியாயமான யோசனைதான். மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் தரைத்தளத்தில் வைத்தால் செய்யலாம். ஆனால் அரசின் அளவுத் திட்டம் தனி வீடுகளுக்கானது. அதை மாற்றச் சொல்லிப் போராடினால் சில ஆண்டுகள் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. மிகவும் நெருக்கடியான முகாம்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

வேறு நிலம் கேட்பது இரண்டாவது பெரிய வழி. எங்கள் வியாபாரி நண்பர்கள் சிலர் இதில் உறுதியாக இருந்தார்கள். ஆந்திர எல்லைவரை, ஆரம்பாக்கம் பக்கமெல்லாம் நிலம் கிடக்கிறதே, விசாலமாக ஒரு குடியிருப்பு அமைத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். வரைபடத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. 45 சதுர மீட்டர் கணக்கு அங்கேதான் முழுமையாக நிறைவேறும்.

நான் இதை எதிர்க்கிறேன். பழவேற்காடு ஏரிப் பக்கத்து நிலம் தாழ்வானது. கார்த்திகை மார்கழியில் புயல் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஒதுக்குப்புறமான நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் வாழ விரும்பாததால் என்பதே பதில்.

உலகம் இதைச் செய்துபார்த்திருக்கிறது. ஜோர்டானில் சிரியர்களுக்காக 2012இல் அவசரமாகத் திறந்த ஸாத்தாரி முகாம் நெரிசலில் திணறியது. அதன் படிப்பினைகளை வைத்து, 2014இல் பாலைவனத்தில் அஸ்ராக் முகாமை நன்றாகத் திட்டமிட்டு, இடைவெளி விட்டு, லட்சம் பேருக்கும் மேல் தங்கும்படி கட்டினார்கள். அங்கே குடியேறியவர்கள் அதில் பாதிகூட இல்லை. நெரிசலான ஸாத்தாரியில் கடைத்தெரு உருவாகி, தையல் கடையும் ரொட்டிக் கடையும் முடிதிருத்தும் கடையும் நடந்தன. விசாலமான அஸ்ராக்கில் காற்றும் மணலும் இருந்தன, பிழைப்பு இல்லை. வங்கதேசம் 2020 டிசம்பரிலிருந்து ரோஹிங்கியா மக்களைப் பாசன்சார் தீவுக்கு அனுப்பத் தொடங்கியது. உறுதியான கட்டடங்கள், புயல் காப்பகங்கள், ஒரு லட்சம் பேருக்கு இடம். போனவர்களில் சிலர் உயிரைப் பணயம் வைத்துப் படகில் தப்பி ஓடினார்கள். நல்ல சுவர்களைவிட்டு ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் ஏன் திரும்ப ஓடுகிறார்கள் என்று கேட்டால், அங்கே உறவும் சந்தையும் போக்குவரத்தும் இல்லை என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கையின் வவுனியாவில் இருந்த மெனிக் பாம் முகாம். 2009 போர் முடிவில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள். நெரிசலும் தண்ணீர்ப் பஞ்சமும் உலகச் செய்தியாயின. 2012 செப்டம்பரில் அந்த முகாமை மூடியதாக அறிவித்தபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. ஊர் ராணுவத்தின் கையில் இருந்தது. சீனியாமோட்டையில் காட்டைத் துப்புரவாக்கி இறக்கிவிட்டார்கள். முகாம் மூடப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்த மக்கள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தங்கள் நிலத்துக்காக ராணுவ முகாம் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். இடம் மாற்றுவதும் மறுவாழ்வும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இங்கே கேரள எல்லைப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே வேறு வகையான குடியமர்த்தல் நடந்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்காகவே 1976இல் கொல்லம் மாவட்டம் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து ஒரு ரப்பர் தோட்ட நிறுவனத்தை நிறுவின. குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் தோட்டங்களில் அவர்கள் பால் வெட்டுகிறார்கள். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் போனால் அந்தத் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம். நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களும் இதே நோக்கத்தில் வந்தவை. வேலை, வீடு, பள்ளி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, அவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். அந்த வகையில் முகாமைவிட அது பல படிகள் மேல்.

ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு விழுந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றால், தோட்டத்துக் குடியிருப்பான லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அச்சம் டான்டீ தொழிலாளர்களை இன்றும் துரத்துகிறது. பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தால்தான் கூரை மிஞ்சும் என்ற நிலையில், படித்த மகனையும் தேயிலைக் காட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் உண்டு. ஆகவே, புது நிலம், புதுக் குடியிருப்பு, கூடவே ஆலை வேலை என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், வீட்டுரிமையையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்று மனுவில் எழுத வேண்டும்.

மூன்றாவது வழி, விரும்புகிற குடும்பங்கள் வெளியே வாடகை வீட்டில் வாழ்வது. என் மனம் அதிகம் சாய்வது இங்கேதான், காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2014 ஜூலையில் வெளியிட்ட கொள்கையே, முடிந்த இடத்தில் எல்லாம் முகாமுக்கு மாற்று வழிகளைத் தேட வேண்டும் என்பதுதான். ஜோர்டானில் பதிவு பெற்ற சிரியர்களில் ஐந்தில் நான்கு பேர் ஊர்களிலும் நகரங்களிலும்தான் வாழ்ந்தார்கள். உதவிப் பணம் அவர்களை அங்கே தேடிப் போனது. உகாண்டா 2006 சட்டத்தில் அகதிகளுக்கு நடமாடவும் வேலை செய்யவும் உரிமை தந்தது. ஏழை நாடு அது. நிலம் கொடுத்தது, முள்வேலி போடவில்லை.

நம்மிடமும் ஒரு பாதி வடிவில் இது இருக்கிறது. மேலே சொன்ன 34,087 பேர் வெளியேதான் வாழ்கிறார்கள். ஆனால் முகாம் குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை அவர்களுக்குக் கிடையாது. முகாமில் இருப்பவர் வெளியே போனால் முகாம் பதிவும், மாதப் பணமும், அரிசியும் போகும். அந்தப் பணம் எவ்வளவு? 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். நன்றாகப் பெயிண்டிங் வேலை கிடைக்கும் குடும்பம் இதை நம்பி மட்டும் வாழவில்லை. ஆனால் மழைக்காலத்தில், வேலையில்லாத மாதங்களில், கீழே விழாமல் பிடித்துக்கொள்வது இதுதான். அதை இழக்கும் பயத்தில், வாடகை கொடுக்க வசதியுள்ள குடும்பமும் அந்த நெரிசலுக்குள்ளேயே இருக்கிறது. பதிவுக்கு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக, அதிகாரிகள் ஆள் எண்ணிச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் வேலையை விட்டு ஓடிவருகிறார்கள். வெளியூரில் வேலை செய்தவர் அந்த நாளில் வர முடியாமல் போனால் பெயர் அடிபடும்.

எல்லை ஊரில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கசப்பானது. எங்களுக்கு தடாவும் சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீசிட்டி ஆலைகளும் கூப்பிடு தூரம். இங்கே பாதிப் பேருக்குத் தெலுங்கும் தெரியும். காலையில் ஷேர் ஆட்டோ ஏறி ஆந்திராவில் வேலை முடித்து மாலையில் திரும்புவது ஊர்க்காரர்களுக்குச் சாதாரணம். முகாம் இளைஞனுக்கோ, அங்கே வேலைக்கு அருகில் அறை எடுத்துத் தங்குவது என்பது இன்னொரு மாநிலத்துக்குப் போய்விடுவது. அதாவது தமிழ்நாட்டு முகாம் பதிவிலிருந்து விலகுவது. நெருக்கடியான வீட்டிலிருந்து ஒரு ஆள் தானாகக் குறையும் வாய்ப்பை விதியே தடுக்கிறது.

இதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை. சிப்காட்டால் வாடகை ஏறிக்கிடக்கும் ஊர் இது. வீட்டுக்காரர்கள் அட்வான்ஸ் கேட்பார்கள். முகாம்காரர் என்றால் தயங்குவார்கள். பணக்கொடையோடு வெளியே போகலாம் என்று அறிவித்தால், நாளைக்கு முகாமைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்து அரசு கழன்றுகொள்ளும் என்று முகாம் தலைவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். முதியவர்களும் கணவனை இழந்த பெண்களும் மட்டும் உள்ளே மிஞ்சி, பேச ஆளில்லாத முகாமாகிவிடும் என்றும் ஒரு பெண் சொன்னார். அவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. ஆகவே இந்த வழியை யாரையும் தள்ளும் வழியாகக் கேட்கக் கூடாது. விருப்பமிருந்தால் போகலாம், திரும்பி வரவும் இடமிருக்கும், பதிவு ஆளோடு போகும், செக்கிங் முகாமின் வாசலோடு கட்டப்படாது என்று கேட்க வேண்டும். பத்துக் குடும்பங்களில் இரண்டு வெளியே போனாலும், எட்டுக் குடும்பங்களுக்கு இடம் விரியும். அரசுக்கு ஒரு செங்கல் செலவில்லை.

நாடு திரும்புவது பற்றியும் பேச்சு வந்தது. 1984 முதல் முகாம்களில் உழைத்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள், விரும்பித் திரும்புகிறவர்களுக்கு ஆவணம் எடுக்க உதவி வந்திருக்கின்றன. ஐ.நா. ஆணையமும் பயணத்துக்கு உதவுகிறது. விரும்புகிறவர் கௌரவமாகப் போக எல்லா உதவியும் வேண்டும். ஆனால் இட நெருக்கடிக்குத் தீர்வாக இதைச் சொல்வது தவறு. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்த பிறகும், போய்விடுங்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

குடியுரிமைதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று எங்கள் பழைய மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் சொல்வது உண்மை. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்த அடிப்படையில்தான். 2024 தேர்தலில் அவர் வாக்களித்தபோது முகாம்கள் எல்லாம் மகிழ்ந்தன. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றும், 2004 டிசம்பரிலிருந்து, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது என்றும் சட்டம் இறுகியது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2025இல் வந்த புதிய குடிபுகல் சட்டத்தின்கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அது நிம்மதி, ஆனால் உரிமை இன்னும் வரவில்லை.

இருந்தும், குடியுரிமையை இந்த மனுவின் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் மாணவர்களோடு எனக்கு வாக்குவாதமே வந்தது. அவர்களுடைய கோபம் நியாயமானது. இந்த ஊரில் பிறந்து இந்த ஊர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் குடியுரிமை தில்லியின் கையில் இருக்கிறது. எங்கள் மனு போவது மாவட்ட ஆட்சியரிடமும் சென்னையில் உள்ள மறுவாழ்வுத் துறையிடமும். ஆட்சியரால் தர முடியாததை முதல் வரியில் கேட்டால், தரக்கூடியதைத் தராமல் இருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். குடியுரிமைக்குத் தனி மனு, தனி வழக்கு, நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் தனிக் குரல் என்று போக வேண்டும். 1987க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம் என்று சொன்னபோது மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலகத்திலும் மருத்துவமனைப் பதிவேட்டிலும் தூசி தட்டும் வேலை அது. அவர்கள் செய்துவிடுவார்கள்.

ஆக, எங்கள் மனுவின் முதல் வரியில் நான் வைக்கச் சொல்வது அட்டை பிரிப்பு. திருமணமான ஒவ்வொரு தம்பதிக்கும், விண்ணப்பித்த குறிப்பிட்ட காலத்துக்குள் தனிக்குடும்பப் பதிவு. வீட்டுக் கணக்கு அந்தப் புதிய பதிவின்படி நடக்க வேண்டும். இரண்டாவது, இருக்கும் இடத்திலேயே வீடு; முகாமுக்கு ஒட்டிய புறம்போக்கு நிலம் இருந்தால் அதையும் சேர்த்து, தெருவுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இடம்விட்டு. மூன்றாவது, பணக்கொடையை இழக்காமல் மாவட்டத்துக்குள் எங்கும், எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போகிறவருக்கு அங்கேயும், வாடகைக்கு வாழும் அனுமதி. இந்த மூன்றையும் வட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் மாநில அரசிடமும் இப்போதே கேட்கத் தொடங்கலாம். வேறு நிலத்துக்கு மாற்றும் திட்டம் எதுவும் முகாம் மக்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கூடாது என்று ஒரு வரி.

இன்னும் முடிவாகாமல் இருப்பது இடிக்கும் வரிசை. எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் இடித்துவிட்டு, ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டால் மழைக்காலத்தில் குடும்பங்கள் தார்ப்பாய்க்குக் கீழே போய்விடும். ஆகவே ஒரு வரிசை வீடு முடிந்து குடியேறிய பிறகே அடுத்த வரிசையைத் தொட வேண்டும் என்றும், தற்காலிகத் தங்குமிடம் கழிப்பறையோடு முன்கூட்டியே தயாராக வேண்டும் என்றும், அக்டோபருக்குப் பிறகு எந்தக் கூரையையும் பிரிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். எந்த வீடு முதலில் என்பதை நாங்கள் வெளியிலிருந்து சொல்ல முடியாது. படுக்கையில் கிடக்கும் முதியவர், கர்ப்பிணிகள், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளைக் குறித்து, முகாமின் மகளிர் குழுக்களே பட்டியல் எடுக்கின்றன. அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் மனுவோடு இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க இருக்கிறோம்.